விதானையாருக்கு ஒரு தலை

கிளிநொச்சியில் அறை வாடகைக்குக் கேட்டு நான் போன வீட்டுக்காரி, என் பெயரைக் கேட்க முதல் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பினேன். புது வேலை, புது ஊர், கையில் பாரமான சூட்கேஸ், உச்சி வெயில். யார் என்ன சொன்னாலும் செய்கிற நிலைமையில்தான் அன்றைக்கு இருந்தேன். அவர் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார், நுனியை விரலில் சுற்றிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

“பிரதேச செயலகத்திலையோ வேலை?”

“ஓம் அன்ரி. காணிக் கிளையிலை கிளாக்கர்.”

“உந்தப் பின்னலோடை போனால் உம்மைப் பைல் தூக்கத்தான் விடுவினம். நாளையிலையிருந்து கொண்டை போடும்.”

எனக்கு அறை கிடைத்துவிட்டது என்று அதிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் அவரே என்னைக் கதிரையில் இருத்திக் கொண்டை போட்டுவிட்டார். ஹெயார்பின்கள் மண்டையில் இறங்கியதில் கண்ணில் நீர் முட்டியது. “கொஞ்சம் நோகத்தான் செய்யும், பெரிய கதிரைக்குரிய கொண்டை” என்றார். கந்தோருக்குப் போனேன். நம்பினால் நம்புங்கள், ஒரு வயதான கமக்காரர் என்னைக் கண்டதும் எழும்பி நின்று, இரண்டு கையாலும் மனுவை நீட்டி, “அம்மா, இதிலை ஒரு கையெழுத்து” என்றார். கையெழுத்து வைக்க எனக்கு உரிமையில்லை என்றேன். பெரிய ஆட்கள் அப்படித்தான் தட்டிக்கழிப்பார்கள் என்ற முகத்தோடு அவர் அசையாமல் நின்றார். பியோன் எனக்குத் தேநீரைச் சோசரில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டொரு நாளில் சோம்பல் வந்து பழையபடி பின்னிக்கொண்டு போனேன். தேநீர் பிளாஸ்ரிக் கோப்பைக்கு இறங்கிவிட்டது. பின்னேரம் இதைச் சொன்னபோது அன்ரி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

“வாய் பேந்துதான் பிள்ளை. தலைமயிர்தான் முதல் கதைக்கும்.”

அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுக்க இதை அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். சோறு வடிக்கும்போது, கோழிக்கு நெல் போடும்போது, பக்கத்து வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் பார்க்கும்போது. முதலில் பகிடி என்று நினைத்தேன். ஒருநாள் அவருடைய அறையில் அலுமாரிக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே ஆணியில் கறுப்பாக ஏதோ பிராணிகள் தொங்கக் கண்டு நான் வீடு அதிரக் கத்திவிட்டேன். எல்லாம் சவுரி. பொய்முடி. நீளம், கட்டை, சுருள், கொண்டைக்கு உள்ளே வைக்கிற உருண்டை. வவுனியாவில் ஒரு பான்சிக்கடையில் வாங்குவாராம். அந்தக் கடைக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“இது ஆருக்கு அக்கா?” என்று கடைக்கார நானா கேட்டார்.

“வீட்டுத்திட்டத்துக்கு.”

நானா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. கையில் எடுத்ததைத் திரும்பத் தொங்கவிட்டார். “வீட்டுத்திட்டம் எண்டா இந்த நீளம் காணாது. இடுப்பைத் தாண்டோணும்” என்று ஏணியில் ஏறி வேறொன்றை எடுத்தார்.

விசயம் இதுதான். தலைமயிர் கதைக்கும் என்றால், அது என்ன கதைக்கவேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது என்று அன்ரி முடிவெடுத்திருந்தார். விதானையார், அதாவது கிராம அலுவலர், நிவாரணம் பதிய வந்தால் அன்ரியின் தலை விரிந்து, எண்ணெய் காணாமல், ஒரு வைக்கோல் துண்டும் செருகிக் கிடக்கும். அந்தத் தலையைப் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சுக்காரனும் பதிவான். கமநல நிலைய உத்தியோகத்தர் உரமானியத்துக்கு வந்தால் பிடரியில் இறுக்கிய சின்னக் கொண்டை, அதற்கு மேல் துவாய்க் கட்டு. வயலில் இருந்து இப்போதுதான் கரையேறிய கமக்காறி. வீட்டுத்திட்டத்துப் பெடியன் வந்தால் இடுப்பைத் தாண்டிய ஒற்றைப் பின்னல், ஒரு கனகாம்பரம். அத்திவாரம் போட்டால் கூரை வரைக்கும் போவாள், காசை வேறு வழியில் விடமாட்டாள் என்று அந்தப் பின்னல் உறுதி சொல்லும். ஒவ்வொருவரின் மோட்டார் சைக்கிள் சத்தமும் அவருக்கு மனப்பாடம். விதானையாருடையது இருமும். வீட்டுத்திட்டப் பெடியனுடையதற்கு சைலன்சர் உடைவு. கமநலத்தாரின் வண்டிக்குச் சத்தமேயில்லை, ஆனால் அவர் சந்தியிலேயே ஹோர்ன் அடிப்பார். சந்தியில் ஹோர்ன் கேட்டுப் படலை திறக்கிறதுக்குள் அன்ரி தலையை மாற்றிவிடுவார். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஊர்ப் பெண்களும் அவரிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். மகளை வெளிநாட்டு விசாவுக்குக் கொழும்புக்கு அனுப்ப இருந்த ஒரு தாய், பிள்ளை தலையை எப்படி வாரிப் போகவேண்டும் என்று கேட்டு வந்தார். அன்ரி கண்ணை மூடி யோசித்தார்.

“அரைவாசி பின்னி அரைவாசி விடச் சொல்லும். மிச்சத்தைப் பின்ன வீட்டை வந்துதானே ஆகோணும். திரும்பி வருவாள் எண்டு வெள்ளைக்காரன் நம்புவான்.”

விசா கிடைத்தது. பிள்ளை திரும்பி வரவில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். எங்கள் ஒழுங்கைக்கு மாற்றலாகி வந்த இளம் ரீச்சர் ஒருத்தி தலையைக் கழுத்தோடு கட்டையாக வெட்டியிருந்தாள். ஒழுங்கை முழுக்க அவளுடைய தலைதான் கதை. இயக்கத்தில் இருந்தவளாக்கும் என்றார்கள். புருசன் விட்டவளாக்கும் என்றார்கள். சமயம் மாறியிருப்பாள், கொழும்பில் கெட்டிருப்பாள், தலையில் ஏதும் வருத்தமாயிருக்கும். கடைசியில் தீர்ப்புக் கேட்டு அன்ரியிடம் வந்து நின்றார்கள். இப்படி ஒரு வழக்குக் கிடைத்தால் அவர் விடமாட்டார் என்று நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“வெக்கை” என்றார் அன்ரி.

“என்ன?”

“வெக்கைக்கு வெட்டியிருக்கிறாள். போய் அவரவர் வேலையைப் பாருங்கோ.”

அவ்வளவுதான். வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். எனக்கும் ஏமாற்றம்தான்.

இரண்டு மோட்டார் சைக்கிள் ஒரே நேரத்தில் வந்த நாளையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த வில்லங்கம் எல்லாம் அதிலிருந்துதான் முளைத்தது. வீட்டுத்திட்டப் பெடியன் முற்றத்தில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தான். அன்ரி நீளப் பின்னலும் கனகாம்பரமுமாக நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் விதானையாரின் வண்டி படலையில் வந்து இருமியது. தப்ப வழியில்லை. விதானையார் உள்ளே வந்தார், அன்ரியை மேலும் கீழும் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை.

“வீட்டுக்காறி இல்லையே?” என்று கேட்டார்.

நான்தான் வீட்டுக்காறி என்று சொன்னால் நிவாரணம் போய்விடும். பேசாமல் நின்றால் வீடு போய்விடும். அன்ரி ஒரு கணம்தான் யோசித்தார்.

“அவா குளிக்கிறா” என்றார், பெடியனுக்குக் கேட்காத குரலில்.

விதானையார் தலையாட்டிவிட்டுப் போனார். நான் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்ரிக்கும் சிரிப்பு. ஆனால் அன்றைக்கு முழுக்க, கிணற்றடிப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே உண்மையிலேயே யாரோ குளிக்கிறார்கள் என்பதுபோல ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

இத்தனை தலைகளுக்கும் கீழே அவருடைய சொந்தத் தலை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முழுகினால் துவாய். துவாய் கழன்றால் சவுரி. மயிர் கொட்டி வழுக்கையாகியிருக்கும், வெட்கத்தில் மறைக்கிறார் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். ஒருமுறை கேட்டும்விட்டேன். “சொந்த மயிரை ஆருக்கும் காட்டக்கூடாது பிள்ளை. அது உள்ளதைச் சொல்லிப்போடும்” என்றார்.

ஏன் இப்படியானார் என்பதை எனக்கு அவர் சொன்னது பேன் பார்க்கும்போது. பஸ்ஸில் யாரிடமிருந்தோ எனக்குப் பேன் தொற்றியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமரத்துக்குக் கீழே என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, இரண்டு பெருவிரல் நகத்தாலும் நசுக்கிக்கொண்டே கதைத்தார்.

“எனக்கும் இப்பிடித்தான். சண்டை முடிஞ்சு முகாமுக்குள்ளை இருக்கேக்கை. குடிக்கவே தண்ணியில்லை, தலைக்கு எங்கை ஊத்திறது? பேன் எண்டால் பேன், இமையிலையும் ஊருது. என்ரை மனுசன் ஆரிட்டையோ கத்தரிக்கோல் வாங்கிவந்து ஒட்ட வெட்டிவிட்டார். அவரின்ரை தம்பி சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாடி பிடிச்சவன். அந்தக் கூடாரத்துக்குள்ளை நாங்கள் முதல்முதல் சிரிச்சது அண்டைக்குத்தான்.”

“பிறகு?”

“பிறகென்ன. கட்டைத் தலையைக் கண்டிட்டு, சண்டை பிடிச்ச இயக்கப் பெட்டை எண்டு ஆமிக்காரர் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டினம். எந்தப் படையணி எண்டு கேட்டினம். ஐயா, பேனுக்கு வெட்டினது எண்டன். தலையைக் கிளறிப் பாத்தினம். வெட்டினதாலை பேன் போயிட்டுது. பேன் இல்லாததாலை நான் பொய் சொல்லுறன் எண்டிட்டினம்.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள் வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்கத் துணிவும் வரவில்லை.

“என்ரை வாய் என்ன சொன்னாலும் ஒருத்தரும் கேட்கேல்லை பிள்ளை. மயிர் சொன்னதைத்தான் கேட்டினம். சரி, இனி அதுவே கதைக்கட்டும், ஆனால் நான் சொல்லிக்குடுக்கிறதைக் கதைக்கட்டும் எண்டு நினைச்சன்” என்று ஒரு பெரிய பேனை நசுக்கினார்.

மீளக்குடியேறிக் கொஞ்சக் காலத்தில் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று இருந்தது அந்தக் காணிதான். கணவரோடு காடு வெட்டித் திருத்திய காணி, கிணறு, வாய்க்கால்கரை வயல், படலையடியில் வைத்த தென்னம்பிள்ளைகள். காணி அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருந்தது, அதுவும் கலியாணப் பதிவும் இடம்பெயர்வில் தொலைந்துபோயின. புதிதாகத் தன் பெயரில் எடுக்க அன்ரி அலைந்துகொண்டிருந்தபோது, கணவரின் தம்பி, அதுதான் அந்தக் கண்ணாடி பிடித்த தம்பி, காணி தங்கள் குடும்பத்துக்கு வரவேண்டியது என்று ஆட்சேபனை கொடுத்தார். அதோடு நிற்காமல் கட்டையும் கம்பியும் கொண்டுவந்து தென்னம்பிள்ளைகளை உட்படுத்தி வேலி போடத் தொடங்கினார். அன்ரி தினமும் காலையில் போய் அந்தக் கட்டைகளை எண்ணிவிட்டு வருவார். அப்போது மட்டும் அவருடைய தலை ஒன்றும் கதைக்காது.

வழக்குக் காணிக் கச்சேரிக்கு வந்தது. காணிக் கச்சேரி என்றால் அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேசையில் வந்திருந்து, காணி கேட்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிற நாள். எங்கள் கந்தோரில்தான். பெயர் கூப்பிடுகிற வேலை எனக்கு.

அந்தக் கிழமை முழுக்க அன்ரி கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். விரித்த தலையோடு போனால் இவளால் காணி பார்க்கேலாது என்பார்கள். கமக்காறிக் கொண்டையோடு போனால் கூலிக்காறி என்பார்கள். நீளப் பின்னலோடு போனால் இன்னொருத்தனைக் கட்டிப்போய்விடுவாள் என்பார்கள். கடைசியில், உச்சியில் உயர்த்தி, உள்ளே உருண்டை வைத்து, ஒரு கொண்டை போட்டார். அவருடைய அபிப்பிராயத்தில் அது பரம்பரைக் காணிக்காரியின் கொண்டை. வாசலில் தலை முட்டாமல் இருக்கக் குனிந்துதான் கந்தோருக்குள் வந்தார்.

மேசைக்குப் பின்னால் மாவட்டக் கந்தோரிலிருந்து வந்த பெரியவர். அவருக்கு இரண்டு பக்கமும் விதானையார், கமநல உத்தியோகத்தர், வீட்டுத்திட்டப் பெடியன். மூன்றுபேரும் ஒன்றாக இருந்து அன்ரியைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்தரம்.

“இவாவை உங்களுக்குத் தெரியும்தானே?” என்று பெரியவர் விதானையாரைக் கேட்டார்.

விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். “இல்லை ஐயா. செத்தவரின்ரை மனுசியை எனக்கு நல்லாத் தெரியும். பாவம், தலை வாரி இழுக்கக்கூட வழியில்லாத சீவன்.”

“என்ன விதானை கதைக்கிறீங்கள்?” என்றார் கமநலத்தார். “அவா நல்ல உசாரான கமக்காறி. சின்னக் கொண்டை. இவா இல்லை.”

“ரெண்டுபேரும் பிழை” என்றான் வீட்டுத்திட்டப் பெடியன். “அவாவுக்குப் பின்னல் இதுவரைக்கும் தொங்கும். நான் அளவு நாடாவோடை பக்கத்திலை நிண்டனான்.”

விதானையாருக்குத் திடீரென்று பொறி தட்டியது. “ஓம் ஓம், அந்தப் பின்னல்காறியை நானும் கண்டனான்! வீட்டுக்காறி குளிக்கிறா எண்டு எனக்குச் சொன்னதே அவாதான் ஐயா. அப்ப அங்கை ரெண்டுபேர் இருக்கினம்.”

“கொண்டைக்காறியோடை மூண்டு” என்றார் கமநலத்தார்.

“இப்ப வந்து நிக்கிறவாவோடை நாலு” என்று பெரியவர் பேனையை வைத்தார். “செத்த மனுசன் என்ன, ஊரிலை இதே வேலையாத்தான் இருந்தவரோ?”

“ஐயா, எல்லாம் நான்தான்” என்றார் அன்ரி.

“எல்லாம் எப்பிடியம்மா நீங்களா இருக்கேலும்?”

பெரியவர் தம்பியாரிடம் திரும்பினார். அந்த மனுசனுக்கு அண்ணியைத் தெரியாமல் இருக்குமா? ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு வந்து மடியில் விழும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

“நான் அண்ணியின்ரை முகத்தை நிமிந்து பாத்ததில்லை ஐயா. மரியாதை. பின்னாலை போகேக்கை பின்னலைத்தான் கண்டனான். முழங்கால் மட்டும் இருந்தது.”

“அஞ்சு” என்றார் கமநலத்தார் மெதுவாக.

என்னால் பொறுக்க முடியவில்லை. நான் அவா வீட்டில்தான் இருக்கிறேன், அவாவை எனக்குத் தெரியும் என்று குறுக்கே சொன்னேன்.

“எந்தத் தலையோடை தெரியும்?” என்று பெரியவர் கேட்டார்.

“எல்லாத்தோடையும் ஐயா.”

“அப்ப நீர் சாட்சியில்லை. இரும்.”

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். முகாமிலிருந்து வந்த கையோடு எடுத்த அட்டை. படத்தில் ஒட்ட வெட்டிய தலையோடு, பெடியன் மாதிரி ஒருத்தி. மேசை முழுக்க அந்த அட்டை ஒரு சுற்றுப் போய்வந்தது. யாருக்கும் அவளைத் தெரியவில்லை. நான் ஓடிப்போய் அலுமாரியிலிருக்கிற சவுரிகளைக் கொண்டுவருகிறேன், ஒவ்வொன்றாக வைத்துக் காட்டட்டும் என்றேன். அதற்குப் பெரியவர் சொன்ன பதில் நியாயமானது, அதுதான் வயிற்றெரிச்சல்.

“சவுரி வைச்சால் ஆரும் ஆர் மாதிரியும் வரலாம் பிள்ளை. அட்டையிலை இருக்கிற ஆளாய் வரச்சொல்லும். இதை அடுத்த காணிக் கச்சேரிக்குத் தள்ளிவைப்பம்.”

அடுத்தது எப்போது என்று அன்ரி கேட்டார். மேலிடம் சொல்லும்போது என்றார் பெரியவர். தம்பியாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதற்குள் அவர் வேலியை முடித்து, கிணற்றுக்கும் பூட்டுப் போட்டுவிடுவார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்ரி கையை உயர்த்தித் தலையிலிருந்து பின்களைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றாகப் பெரியவரின் மேசையில் வைத்தார். உருண்டையை எடுத்து வைத்தார். சவுரியை எடுத்து வைத்தார். அதற்குக் கீழே வழுக்கை இருக்கும் என்று நான் கண்ணை வேறு பக்கம் திருப்பப் போனேன். மயிர் அவிழ்ந்து இடுப்பு வரைக்கும் விழுந்தது. முன்பக்கம் நரை ஓடி, நுனி செம்பட்டை பாய்ந்து, அடர்த்தியான, உண்மையான தலைமயிர். முகாமிலிருந்து வந்த நாள்முதல் கத்தரிக்கோல் படாமல், யாருக்கும் காட்டாமல், அத்தனை பொய்முடிக்கும் கீழே அதை வளர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எவ்வளவு வடிவு.

“பிள்ளை, உன்ரை மேசையிலை கத்தரிக்கோல் இருக்கே?”

“அன்ரி, வேண்டாம்.”

“வெட்டினால் வளரும். காணி வளராது. கொண்டா.”

பைல் நாடா வெட்டுகிற மொட்டைக் கத்தரிக்கோல் அது. முதல் வெட்டில் பாதிதான் அறுந்தது. யாரும் தடுக்கவில்லை. ஃபான் சுற்றுகிற சத்தமும் மயிர் அறுபடுகிற சத்தமும்தான். விழுந்ததையெல்லாம் அன்ரி முந்தானையில் ஏந்திக்கொண்டார். நான் அழுதுகொண்டே வெட்டியதில் இடது பக்கம் சரிந்து, காதுக்கு மேலே ஒரு பள்ளமும் விழுந்துவிட்டது. வெட்டி முடிந்து அவர் நிமிர்ந்தபோது பெரியவர் அட்டையைத் தூக்கி அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மூன்று உத்தியோகத்தர்களும் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. தம்பியார். அவர் சிரிக்க வேண்டுமென்று சிரிக்கவில்லை, அது தானாக வந்துவிட்டது.

“அண்ணையும் அண்டைக்கு உப்பிடித்தான் இடப்பக்கம் கோணலா வெட்டினவர்” என்றார்.

பெரியவர் அட்டையைக் கீழே வைத்தார்.

“நீர் முகமே பாத்ததில்லை எண்டனீர்?”

தம்பியார் அண்ணியின் தலையைப் பார்த்தார். அதிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“கண்ணாடி பிடிச்சனான் ஐயா” என்றார். சொல்லிவிட்டு, வளர்ந்த மனுசன், முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் அண்ணனை நினைத்து அழுதாரா, காணி போனதை நினைத்து அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த மனுசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, இருந்தாலும் அந்த நேரம் பாவமாக இருந்தது.

காணி அன்ரியின் பெயருக்கு என்று பெரியவர் எழுதினார். ஆட்சேபனையைத் தம்பியார் அங்கேயே வாபஸ் வாங்கினார். எல்லோரும் எழும்புகிற நேரம் விதானையார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அண்டைக்குக் குளிச்சது ஆர்?” என்று கேட்டார்.

நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அன்ரியோடு யாழ்ப்பாணப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். எங்கள் இறக்கம் பரந்தன் சந்தி. முந்தானையைத் தலையில் போடுங்கள் என்றேன், போடவில்லை. முந்தானையில் மயிர் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் மடியிலிருந்த பையை ஒதுக்கி இடம் விட்டார். அன்ரி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அந்த அம்மா அன்ரியின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“எந்தப் படையணியிலை இருந்தனி பிள்ளை?”

அன்ரியின் முகம் எனக்குத் தெரிந்தது. களைத்து, எரிச்சல் முட்டிய முகம். இந்தக் கேள்விக்கு எத்தனை தலை வைத்துப் பதுங்கியிருந்தவர்.

“பேன் படையணி” என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாயைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

“எனக்கு அதுகளின்ரை பேர் ஒண்டும் தெரியாது. என்ரை மகளும் அதிலைதான் இருந்திருப்பாள். கடைசியா வீட்டை வரேக்கை தலை உன்னைப்போலைதான் இருந்தது. நீ எங்கையும் கண்டனியே பிள்ளை?”

என் சிரிப்பு செத்துப்போனது. பேனுக்கு வெட்டியது, நான் எந்தப் படையணியிலும் இருக்கவில்லை என்று அன்ரி சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

“காணேல்லை அம்மா” என்றார்.

“பரவாயில்லை. ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டே?”

அன்ரி முந்தானையை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தார். அந்த அம்மாவின் கை கோணல் பக்கத்தைத் தடவியது, காதுக்கு மேலே பள்ளத்தைத் தடவியது, திரும்பவும் உச்சிக்கு வந்தது. அவசரமில்லாத கை. பரந்தன் சந்தி வந்தது. நான் மணியை அடித்தேன். அன்ரி நிமிரவில்லை. கொண்டக்ரர் எங்களைப் பார்த்து, “இறக்கம் இருக்கே?” என்று கத்தினார். அந்த அம்மாவிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். பளை என்றார், பரந்தனுக்கு அப்பால் இன்னும் வெகுதூரம்.

எங்கள் இரண்டுபேருக்கும் பளைக்கு ரிக்கெற் தரச்சொல்லிக் கொண்டக்ரரிடம் சொன்னேன்.